மூத்தாளுக்கும் இளையாளுக்கும் நடுவே

ஒட்டுக்காரியைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்கிறவர்கள் எங்கள் படையில் இன்றும் இருக்கிறார்கள். சொல்கிற ஒருவராவது அவளோடு ஒரே பாயில் உட்கார்ந்து ஒரு கித்தான் சுவரைத் தைத்ததுண்டா? கிடையாது. நான் நாலு வருஷம் தைத்திருக்கிறேன். அதனால் அவளைப் பற்றி நான் பேசுகிறேன், மற்றவர்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கட்டும்.

என்னைக் கடுகு என்பார்கள். ஆள் சிறிசு, சூடு பட்டால் வெடிப்பேன், அதனால் அந்தப் பெயர். அவளுக்கு ஒட்டுக்காரி என்ற பெயர் வந்தது தொழிலால். கிழிந்த கூடாரத் துணியில் அவள் ஒட்டுப் போட்டால், மறுநாள் அது எங்கே இருக்கிறது என்று போட்டவளுக்கே தெரியாது. கோணூசியை மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள் என்றால், சோற்றுக்குக் கூப்பிட்டாலும் காதில் விழாது. அதிகம் பேச மாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

எங்கள் பிழைப்பு எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவள் பட்ட பாடு விளங்காது. முகலாய பாதுஷா படையோடும் பரிவாரத்தோடும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பாதுஷா வந்து இறங்கும்போது கூடாரம் தயாராக நிற்க வேண்டும். அவர் வெயிலில் நிற்க, நாங்கள் கயிறு கட்டிக்கொண்டிருக்க முடியுமா? அதற்காக அவருடைய கூடாரங்கள் எல்லாமே இரண்டிரண்டு. அவர் ஒன்றில் இருக்கும்போது, அதே அளவில், அதே சிவப்பில், தலையணை வைக்கிற இடம்கூட மாறாமல், இன்னொன்று ஒரு நாள் பயணத்துக்கு அப்பால் எழும்பி நிற்கும். அவர் கிளம்பி அங்கே போனதும், இங்கே இருப்பதைப் பிரித்து வண்டியில் ஏற்றுவார்கள். மறுநாள் காலை அந்த வண்டிகள் அவர் இருக்கும் இடத்தைத் தாண்டி, அடுத்த இடத்துக்குப் போய்க் கூடாரத்தை நடும். இப்படியே ஒன்றை ஒன்று தாண்டிக்கொண்டு வருஷக்கணக்கில் போகும்.

பழைய தொகுதியை மூத்தாள் என்போம், பிறகு வந்ததை இளையாள் என்போம். ஒருவனைக் கட்டிக்கொண்ட இரண்டு பேர் மாதிரி, அவை ஒரே இடத்தில் சேர்ந்து நின்றதாகச் சரித்திரமே இல்லை. தைக்கிறவர், முளை அடிக்கிறவர், கம்பம் தூக்குகிறவர் என்று ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனி ஆட்கள். நானும் ஒட்டுக்காரியும் இளையாள். அவள் புருஷன் நெட்டை மூத்தாள்.

கல்யாணம் ஆனது எப்படி என்றால், படை கிளம்புவதற்கு முன்னால் இரண்டு தொகுதியையும் ஒரே பட்டறையில் போட்டுப் பழுது பார்த்தார்கள். நெட்டை முளை அடிக்கிறவர். மூங்கில் மாதிரி உயரம், கையும் அதே நீளம். துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால்தான் சின்னக் கிழிசல் தெரியும் என்று, ஒட்டுக்காரிக்குத் தூக்கிப் பிடிக்க அவரை அனுப்பினார்கள். இரண்டு நாள் வேலை. மனிதர் பதினைந்து நாள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவளும் இல்லாத கிழிசலை எல்லாம் தேடிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எத்தனை ஓட்டைடி இருக்கு அதுல?" என்று கேட்டேன்.

"பாத்துட்டுத்தான் இருக்கேன்," என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கல்யாணம் ஆகிப் பதினொரு நாளில் படை கிளம்பிவிட்டது. கூடாரங்களுக்கெல்லாம் அதிகாரி தாரோகா. அவரிடம் போய், இருவரையும் ஒரே தொகுதியில் போடுங்கள் என்று நெட்டை கைகட்டி நின்றார். "பட்டியல் எழுதினது போன மாசம். உன் கல்யாணம் போன வாரம். நான் என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வேலையை விட்டு ஓடவும் வழியில்லை. படையை விட்டு ஓடிப் பிடிபட்டவர்களின் முதுகை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆக, அவர்கள் குடும்பம் நடத்தியது பாதையோரத்தில்தான். போகிற வண்டிகள் நிற்கிற கூடாரத்தைத் தாண்டும் இடத்தில், பாதையோரமாக இரண்டு கொடிக்கம்பங்கள் நட்டிருக்கும். அவற்றுக்கு நடுவே நூறடி இருக்கும். வண்டியில் போகிறவர் இறங்கக் கூடாது, நிற்கிறவர் கம்பத்தைத் தாண்டக் கூடாது. அந்த நூறடிக்கு வண்டியோடு கூடவே நடந்துகொண்டு பேசலாம். மாடு மெதுவாக நடந்தால் நமக்கு அதிர்ஷ்டம். ஐந்து நாளுக்கு ஒரு முறையோ, பத்து நாளுக்கு ஒரு முறையோ அது கிடைக்கும். பாதுஷா ஓரிடத்தில் வேட்டைக்கென்று தங்கிவிட்டால் அதுவும் இல்லை.

ஆரம்பத்தில் நூறடியில் அறுபது அடி வெட்கத்துக்கே போய்விடும். "சாப்பிட்டியா" என்பார், "ம்" என்பாள், கம்பம் வந்துவிடும். போகப் போகத் தேறிவிட்டார்கள். ஆனாலும் பேச்சு பாதியில் அறுந்துவிடும். அடுத்த முறை பார்க்கும்போது, விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். நடுவில் இருக்கிற நாட்கள் முழுக்க அந்த மீதிப் பேச்சு என் தலையில் விடியும்.

"கடுகு, அவரு 'எனக்கு எல்லாம் சரிதான், ஆனா'ன்னு சொன்னாரு. அதுக்குள்ள வண்டி போயிடுச்சு. ஆனா என்னவா இருக்கும்?"

"ஆனா செருப்பு கடிக்குதுன்னு இருக்கும். நூலைக் கோரு."

"இல்லடி. முகம் ஒரு மாதிரி இருந்துது."

ஒன்பது நாள் அந்த 'ஆனா'வோடு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பார்த்தால், செருப்பு கடிக்கிறது என்றுதான் சொல்ல வந்திருக்கிறார். நான் சிரித்து உருண்டேன். அவள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் ஒரு துண்டுக் கித்தானை வெட்டி, செருப்புக்குள் வைக்கிற மாதிரி மெத்தென்று இரண்டு தைத்தாள். பாதத்தின் அளவை யாரிடமும் கேட்கவில்லை. அடுத்த நூறடியில் கொடுத்தாள், சரியாக இருந்தது என்று சொன்னார்.

மழைக்காலம் வந்தால் நான் அவள் முகத்தையே பார்க்க மாட்டேன். ஆற்றில் வெள்ளம் வந்து, ஒரு தொகுதி இந்தக் கரையிலும் மற்றது அந்தக் கரையிலுமாக மூன்று மாதம் கிடந்திருக்கிறோம். அவள் தினமும் கரைக்குப் போய் நிற்பாள். அந்தப் பக்கம் புள்ளி புள்ளியாக ஆட்கள் தெரியும். எது நெட்டை என்று கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்வாள். நான் நம்பவில்லை, ஆனாலும் ஆமாம் போட்டேன்.

இப்படி நாலு வருஷம். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான், அவரோடு ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வீடு வேண்டாம், வாசல் வேண்டாம், காலையில் கண் விழித்தால் அந்த மனிதர் அங்கே இருக்க வேண்டும். அதற்கு ஒரு வழியும் இருந்தது. மழை முடிந்து படை கிளம்பும் நாளில் தாரோகா மனு வாங்குவார். ஒரே தொழிலில் இருக்கிற இருவர் ஒருவருக்கொருவர் தொகுதி மாறிக்கொள்ளலாம். ஆனால் ஒருவருக்கு ஆயுளில் ஒரு முறைதான் மனு, அவரோடு மாறுகிறவருக்கு அது கணக்கில் சேராது. இரண்டாம் முறை கேட்டால் எழுத்தர் தாளைத் தொடவே மாட்டார்.

நாலாம் வருஷம் அவளுக்கு ஆள் கிடைத்தது. மூத்தாளில் தைக்கிற ஒருத்திக்கு இளையாளில் அக்கா இருந்தாள். அந்தத் தங்கைக்காரி இங்கே வர, ஒட்டுக்காரி அங்கே போக ஏற்பாடு. "அவர்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன். "நடந்தப்புறம் சொல்றேன். நடக்காமப் போனா அவரு தாங்க மாட்டாரு," என்றாள். நானும் சரி என்றேன். புத்தி இருந்திருந்தால் சரி என்றிருக்க மாட்டேன்.

உத்தரவு வந்தது. மூத்தாள் வண்டிகள் எங்களைத் தாண்டிப் போகிற நாளில், அவள் மூட்டையோடு முதல் கம்பத்தடியில் நின்றாள். தையல்காரிகளின் வண்டிதான் வரிசையில் முதலில் வரும். ஏறிக்கொண்டாள். ஏறும்போது அவள் முகத்தில் இருந்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வண்டி போய் வளைவில் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு நாற்பது வண்டி வந்தது. முளைக்காரர்களின் வண்டி கடைசி. அதிலிருந்து நெட்டை ஒரு மூட்டையோடு இறங்கினார். முகமெல்லாம் அதே சிரிப்பு.

"தங்கச்சி, நான் மாத்திக்கிட்டு வந்துட்டேன். அவ எங்க?" என்றார்.

கையை நீட்டிப் பாதையைக் காட்டினேன். மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினார். இரண்டாம் கம்பத்தடியில் காவலர்கள் தடுத்துவிட்டார்கள்.

அவரும் ஆள் பிடித்து, அவரும் மனுக் கொடுத்து, அவரும் நடந்த பிறகு சொல்லலாம் என்று இருந்திருக்கிறார். முளைக்காரர்களின் பட்டியல் ஒரு எழுத்தரிடம், தையல்காரிகளின் பட்டியல் இன்னொருவரிடம். ஒருவர் எழுதுவதை மற்றவர் எட்டிப் பார்க்க மாட்டார். நெட்டை தாரோகா காலில் விழுந்தும் பார்த்தார். எழுதினது எழுதினதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அன்று நான் அவரைத் திட்டிய திட்டு இருக்கிறதே, மாடுகூட மிரண்டது.

"ரெண்டு பேரும் வாயில என்ன வெச்சிருந்தீங்க? நூறடி இருந்துதே, அதுல ஒரு அடி போதுமே."

"சந்தோஷப்படுவான்னு நெனச்சேன் தங்கச்சி," என்றார்.

அதற்குமேல் என்ன திட்டுவது? இனி அவர்கள் சேர வேண்டுமானால், இதுவரை மனுக் கொடுக்காத வேறொருவர் மனுக் கொடுத்து மாற வேண்டும். மூத்தாளின் முளைக்காரர்கள் எல்லோரும் ஒரே குடும்பம், மாமன் மச்சான் அண்ணன் தம்பி. நெட்டை போனதில் அவர்களுக்கு நிம்மதி, திரும்பக் கூப்பிட மாட்டார்கள். இளையாளில் தையல்காரிகள் ஆறு பேர். ஐந்து பேர் புருஷன், பிள்ளை, அக்கா என்று இங்கேயே ஊன்றிக்கொண்டவர்கள். மீதி ஒருத்தி, புருஷன் செத்து, பிள்ளை குட்டி இல்லாமல், எங்கே போனாலும் கேட்க ஆளில்லாதவள். அது நான்தான்.

அடுத்த மழை முடிந்ததும் மனுக் கொடுத்துவிடுவது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். சத்தியமாக நினைத்தேன்.

நெட்டையை நான் முதலில் கவனித்துக்கொண்டது அவளுக்காகத்தான். அவளுடைய புருஷன் எனக்கு அண்ணன் முறை. "அண்ணே, சாப்பிட்டீங்களா, அண்ணே, சட்டையைக் குடுங்க தைக்கணும்" என்று உரிமையோடு அதட்டுவேன். அவர் பதிலுக்கு எங்கள் சின்னக் கூடாரத்துக்கு முளை அடித்துக் கொடுத்தார். தையல்காரிகளின் கூடாரம் என்றால் யாருக்கும் அலட்சியம்தான். மிச்சம் இருக்கிற இடத்தில், மிச்சம் இருக்கிற முளையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். வருஷத்துக்கு இரண்டு முறையாவது எங்கள் தலையில் விழும். அவர் வந்த பிறகு விழவில்லை. முளை அடிக்கிற கொட்டாப்புளியைத் தோளில் போட்டுக்கொண்டு சாயங்காலம் ஒரு சுற்று வருவார். மழை வரும் போலிருந்தால் கயிற்றைத் தளர்த்திவிடுவார், நனைந்த கயிறு சுருங்கி முளையைப் பிடுங்கிவிடும் என்று. "நாளைக்கு மழை தங்கச்சி, துணியை உள்ள எடுத்து வெச்சுக்க," என்பார். என் புருஷன் இருந்த காலத்தில் நனைந்த பிறகுதான் எனக்கு மழை தெரியும்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவளைப் பற்றிக் கேட்பார். நாலு வருஷம் அவள் எப்படி உட்காருவாள், எதற்குச் சிரிப்பாள், தன்னுடைய பாதிப் பேச்சுக்கெல்லாம் என்ன அர்த்தம் கண்டுபிடித்தாள், எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். 'ஆனா' கதையைப் பத்து முறை சொல்லச் சொல்லியிருப்பார். பேச்சு அவளைப் பற்றித்தான். ஆனால் பேசுவது என்னோடு. பாழாய்ப்போன என் மனசுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

அண்ணே என்று கூப்பிடுவதை எந்த நாளில் நிறுத்தினேன் என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. நிறுத்தியிருக்கிறேன் என்று தெரிந்த நாள் மட்டும் ஞாபகம் இருக்கிறது. மூத்தாள் வண்டிகள் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஒட்டுக்காரி வண்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் நடந்தபடி பேசிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த வண்டி மாடு ஒன்று மிரண்டு அவர் மேல் பாய்ந்தது. "ஏங்க, பாத்து" என்று கத்திவிட்டேன்.

அவர் விலகிக்கொண்டார். அவருக்கு மாடு மட்டும்தான் தெரிந்தது. ஆனால் ஒட்டுக்காரி என்னைப் பார்த்தாள். கம்பம் வரும்வரை பார்த்தாள். புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி அவள் புருஷனை நான் கூப்பிட்டிருக்கிறேன். அன்று முழுக்க என் கை வேலையில் ஓடவில்லை, மூன்று முறை ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். அடுத்த முறை வந்தபோது அவள் வழக்கம்போல "உடம்பு எப்படி இருக்கு கடுகு?" என்றுதான் கேட்டாள். சரி, கவனிக்கவில்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

மழை முடிந்தது. மனு வாங்கும் நாள் வந்தது. நான் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். ஒரு காய்ச்சலும் இல்லை. வெளியே எழுத்தர் பெயர்களைக் கூப்பிடுவது கேட்டது. காதைப் பொத்திக்கொண்டேன். நெட்டை வந்து வாசலில் நின்று, "கஷாயம் கொண்டு வரவா தங்கச்சி?" என்று கேட்டார். அவர் என்னிடம் ஒரு நாளும் மனுவைப் பற்றிப் பேசியதில்லை. யாருமில்லாதவளை இன்னொரு இடத்துக்குப் போ என்று சொல்வது பாவம் என்று நினைக்கிற ஜாதி. நான் கஷாயத்தை வாங்கிக் குடித்தேன். ஒரு சிநேகிதிக்கு அதைவிடப் பெரிய துரோகம் நான் செய்ததில்லை. அதைக் குடிக்கும்போது சந்தோஷமாகவும் இருந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது?

இன்னொரு வருஷம் ஓடியது. அந்த வருஷக் கடைசியில், மழைக்கு முன்னால் ஒரு முற்பகல், பெரிய கூடாரத்தின் நடுக்கம்பம் ஆட்டம் கண்டு, அதைக் கட்ட நெட்டையை மேலே ஏற்றியிருந்தார்கள். பாதி கட்டியிருக்கும்போது மூத்தாள் வண்டிகள் வந்துவிட்டன. கயிற்றை விட்டால் கம்பம் சாயும். அவரால் இறங்க முடியாது. ஒட்டுக்காரி முதல் கொடிக்கம்பத்திலிருந்தே அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள். அவர் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை இல்லை. பதினெட்டு நாளுக்குப் பிறகு கிடைத்த நூறடி அப்படியே போனது.

இறங்கி வந்தவர், மடித்துப் போட்டிருந்த துணிக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுக்கலாம் என்று போனேன். அழுதுகொண்டிருந்தார். அந்த உயரத்தை மடக்கி வைத்துக்கொண்டு ஒரு ஆள் அழுவதைப் பார்க்க முடியவில்லை. தோளைத் தொடலாம் என்று கையை நீட்டினேன்.

"அவ வலது கால் வீங்கியிருக்கு," என்றார். "விரலைக் கீழ ஊன்றாம வெச்சிருந்தா. பாத்தியா தங்கச்சி?"

நான் பார்க்கவில்லை. அவர் அவ்வளவு உயரத்தில் இருந்தார், நான் வண்டிக்குப் பத்தடியில் நின்றேன். அவர் பார்த்துவிட்டார், நான் பார்க்கவில்லை. ஏனென்றால் நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கையை எடுத்துக்கொண்டேன். தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

அந்த மழை எப்போது விடும் என்று காத்திருந்து, மனு நாளில் முதல் ஆளாக நான் போய் நின்றேன். தாரோகா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூத்தாள்ல உனக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"அப்புறம் எதுக்குப் போற?"

"இங்க இருக்க முடியல."

"ஏன், யார்கூடயாவது சண்டையா?"

"ஆமா," என்றேன். "எல்லார்கூடயும்."

அதை அவர் உடனே நம்பிவிட்டார். 'காரணம்: வாய்த்துடுக்கு' என்று எழுத்தர் எழுதி, மாறிக்கொள்ள வேண்டியவள் ஒட்டுக்காரி என்றும் எழுதினார். வாழ்க்கையில் என் வாய் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

நெட்டையிடம் நான் சொல்லவில்லை, உத்தரவு சொன்னது. ஓடி வந்து என் முன்னால் நின்றார். "தங்கச்சி" என்றார், மறுபடி "தங்கச்சி" என்றார். "வேலையைப் பாருங்க அண்ணே," என்றேன். அந்த வார்த்தையை மறுபடி சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மாறுகிற நாள் வந்தது. மூட்டையோடு முதல் கம்பத்தடியில் நின்றேன். அவர் பத்தடி தள்ளி நின்றார், எண்ணெய் தேய்த்து வாரிய தலையோடு. வண்டி வந்தது. ஒட்டுக்காரி இறங்கினாள், காலைச் சற்று சாய்த்து ஊன்றிக்கொண்டு. காதோரம் நரைத்திருந்தது. ஆறு வருஷம் காத்திருந்து இறங்குகிறவள் அவரிடம் ஓடுவாள் என்று நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் ஓடவில்லை. அவரைப் பார்த்து, இரு என்று கையைக் காட்டினாள். கல்நெஞ்சக்காரி என்ற பெயர் அன்றைக்கு வந்ததுதான். என் மூட்டையை வாங்கி வண்டியில் போட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு நடக்க ஆரம்பித்தாள். இரண்டாம் கம்பம் வரை என்னோடு வருகிறாள் என்று எனக்குப் புரிய கொஞ்ச தூரம் ஆனது.

பாதி தூரம் போய்விட்டோம். அவள் நொண்டிக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏண்டி, போன வருஷமே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன், குரல் வேறு மாதிரி வந்தது. "எத்தனை தடவை இந்த வழியா போன. மாத்திக்கறியா கடுகுன்னு கேக்க வாய் இல்லையா உனக்கு? கேட்டிருந்தா நான் முடியாதுன்னா சொல்லியிருப்பேன்?"

அவள் முன்னால் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"மாட்ட," என்றாள். "கேட்டா குடுத்திருப்ப. அதான் கேக்கல."

அப்படியானால் அன்றைய 'ஏங்க' அவள் காதில் விழுந்துதான் இருக்கிறது. கம்பம் வந்துவிட்டது. ஏறம்மா என்று வண்டிக்காரர் சத்தம் போட்டார். அவள் குனிந்து என் முழங்காலுக்குக் கீழே கையைக் கொடுத்து என்னை மேலே ஏற்றிவிட்டாள்.